கைவிடப்பட்ட கல்குவாரியை என்ன செய்வது? நீர்த்தேக்கம், காட்டுயிர் வாழிடம், படகுக்குழாம், நிரப்பல்: ஓர் ஒப்பீடு

சென்னையின் வீடுகளுக்கும் மேம்பாலங்களுக்கும் ஜல்லி கொடுத்த குன்றுகள் இன்று பல்லாவரம், பம்மல், திரிசூலம், நன்மங்கலம், சிக்கராயபுரம், எருமையூர் பக்கங்களில் தண்ணீர் நிறைந்த பள்ளங்களாகக் கிடக்கின்றன. வெடி வைப்பது நின்று பல ஆண்டுகள் ஆன பிறகும் அந்தப் பள்ளங்களைச் சுற்றி முளைத்த குடியிருப்புகளின் நலச் சங்கங்கள் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுப்பதென்றால் எதைக் கேட்டுக் கொடுப்பது? ஒரு தரப்பு குடிநீர் என்கிறது, இன்னொரு தரப்பு பறவைகள் என்கிறது, இளைஞர்கள் படகு விட வேண்டும் என்கிறார்கள். கோடை விடுமுறையில் நீரில் மூழ்கிய பிள்ளையைப் பறிகொடுத்த தெருவோ, மண்ணைக் கொட்டி மூடிவிடுங்கள் என்று கெஞ்சுகிறது. இந்த நான்கு வேண்டுகோள்களையும் ஒரே அளவுகோல்களால் எடை போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கணக்குப் போட வசதியாக, ஒரு ஹெக்டேர் பரப்பும் 20 மீட்டர் ஆழமும் கொண்ட ஒரு கற்பனைக் குழியை எடுத்துக்கொள்கிறேன். அதன் கொள்ளளவு 2 லட்சம் கன மீட்டர், அதாவது 20 கோடி லிட்டர்.

## தேர்வுக்கு முன் பார்க்க வேண்டியவை

முதலாவது, நீர் எங்கிருந்து வருகிறது என்பது. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நம் கற்பனைக் குழியின் மேல் நேராக விழும் மழை 1.4 கோடி லிட்டர்தான். அதில் பெரும்பகுதியை வெயில் குடித்துவிடும். அப்படியானால் இருபது கோடி லிட்டர் எப்படிச் சேர்ந்தது? பாறை வெடிப்புகளின் வழியே ஊறிய நிலத்தடி நீரும், சுற்றியுள்ள மேட்டிலிருந்து வழிந்த வெள்ளமும் பல ஆண்டுகள் சேர்ந்ததுதான் அது. இந்த ஒரு கணக்கைப் போடாமல் எழுதப்படும் எந்த மனுவும் பாதி மனுதான்.

இரண்டாவது, கரை. ஏரிக்குக் கரை என்பது சரிவு, குவாரிக்கோ அது செங்குத்துச் சுவர். விதிப்படி படிப்படியாக வெட்டப்பட்டிருந்தால் நடுவே திட்டுகள் இருக்கும், ஆனால் பழைய குழிகள் பலவற்றில் அவை இல்லை. கரையில் நிற்பவர் ஓர் அடி எடுத்து வைத்தால் அடுத்த அடிக்குத் தரை கிடையாது. மனித உயிருக்கு ஆபத்தாக இருக்கும் இதே அமைப்புதான் பறவைகளுக்கும் மீன்களுக்கும் குறையாக இருக்கிறது என்பதைப் பின்னால் விளக்குகிறேன்.

மூன்றாவது, பாறையின் வேதியியல். இதில் நமக்கு அதிர்ஷ்டம் உண்டு. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் உள்ள பர்க்லி செம்புச் சுரங்கத்தில் 1982-இல் நீரிறைப்பு நிறுத்தப்பட்டதும் குழி தானாக நிறைந்தது. கந்தகம் கலந்த தாதுக்கள் காற்றோடும் நீரோடும் வினைபுரிந்து அதை அமிலக் குளமாக்கின, 1995-இல் அதில் இறங்கிய நூற்றுக்கணக்கான பனி வாத்துகள் மாண்டன. ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களை ஏரிகளாக்கும்போதும் இதே கந்தகமும் இரும்பும் தொல்லை கொடுத்தன. அமிலத்தைத் தணிக்கச் சுண்ணாம்பைக் கொட்ட வேண்டியிருந்தது, ஸ்ப்ரே ஆறு சில இடங்களில் செம்பழுப்பாக ஓடியது. சென்னையின் பாறை சார்னோகைட். பரங்கிமலைப் பாறையை ஆராய்ந்த புவியியலாளர் ஹாலந்து, அதே கல்லில் செய்யப்பட்ட, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறையை நினைவில் வைத்து 1893-இல் அதற்கு இட்ட பெயர் அது. அந்தக் கல்லறை கல்கத்தாவில் இருக்கிறது. இது கெட்டியான, எளிதில் கரையாத பாறை. நிலக்கரிக் குழிகளின் அமிலச் சிக்கல் இதில் பொதுவாக எழுவதில்லை. நம் குழிகளின் நீரைக் கெடுப்பது பாறை அன்று, சுற்றியுள்ள வீடுகளின் கழிவுநீரும் லாரிகளில் வரும் குப்பையும்தான்.

நான்காவது, நிலம் யாருடையது என்பது. கல்லாங்குத்துப் புறம்போக்கா (பாறை நிறைந்த அரசு நிலம்), தனியார் பட்டாவா, வனத்துறையின் காப்புக்காடா என்பதைப் பொறுத்து மனு போக வேண்டிய அலுவலகமே மாறிவிடும். ஐந்தாவதாக, தொடக்கச் செலவைவிட ஆண்டுதோறும் ஆகும் பராமரிப்புச் செலவை யார் ஏற்பார்கள் என்பது. ஆறாவதாக, நாளைக்கு மனம் மாறினால் திரும்ப முடியுமா என்பது. கடைசியாகச் சொன்னதற்கே நான் மிகுந்த எடை கொடுக்கிறேன்.

## குடிநீர்த் தேக்கமாக

இது வெறும் யோசனை அன்று, நடந்து பார்த்த வழி. 2017-ஆம் ஆண்டு வறட்சியில், மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரம் குவாரிகளின் நீரைக் கிண்டியில் உள்ள அரசின் கிங் ஆய்வு நிலையத்தில் பரிசோதித்து, குழாய் வழியே செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுசென்று நகருக்கு வழங்கினார்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 கோடி லிட்டர் எடுத்ததாகக் கணக்கு. 2019-இல் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டபோது மீண்டும் குவாரிகளையே நாடினார்கள். அந்த ஆண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வந்த முதல் தண்ணீர் ரயில் ஐம்பது டேங்கர்களில் 25 லட்சம் லிட்டர் கொண்டுவந்தது. 2017-இல் குவாரிகள் ஒரு நாளில் கொடுத்தது அப்படிப்பட்ட பன்னிரண்டு ரயில்களுக்குச் சமம்.

ஆழமான குழிக்கு ஏரியைவிட ஒரு பெரிய நன்மை உண்டு. ஆவியாதல் நீரின் மேற்பரப்பைப் பொறுத்தது, ஆழத்தைப் பொறுத்தது அன்று. மூன்று மீட்டர் ஆழமுள்ள ஏரி ஓர் ஆண்டு வெயிலில் தன் நீரில் பெரும்பங்கை இழக்கும்போது, இருபது மீட்டர் குழி இழப்பது சிறு பங்கே. அதனால் குவாரி நீரை ஆண்டுதோறும் செலவழிக்காமல் பஞ்ச காலத்துக்கென ஒதுக்கி வைப்பதுதான் அறிவுடைமை.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான் வருகிறது. தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற நகர்ப்புற அளவுகோலை வைத்தால், நம் குழியின் இருபது கோடி லிட்டர் சுமார் 4,000 பேருக்கு ஓர் ஆண்டுக்குப் போதும். ஆனால் அதை ஒரே கோடையில் இறைத்துவிட்டால், வரத்துக் கால்வாய் இல்லாத குழி நேர்மழையைக் கொண்டு பதினைந்து ஆண்டுகளானாலும் நிறையாது. நிலத்தடி நீர் ஊறி நிரப்பும் என்றால், அந்த ஊற்று பக்கத்துக் கிணறுகளையும் போர்வெல்களையும் வற்றவைத்துத்தான் வரும். 2017-இல் இறைத்தவற்றை இலவச நீர் என்று பேசியவர்கள் இதைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. ஜெர்மானியர்கள்கூடத் தங்கள் சுரங்க ஏரிகளை ஆற்று நீரைத் திருப்பியே நிரப்பினார்கள். கோட்புஸ் நகருக்கு அருகே 2019-இல் நிரப்பத் தொடங்கிய பெரிய ஏரிக்கு, ஸ்ப்ரே ஆற்றில் நீர் குறைந்த கோடைகளில் வரத்தை நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றும் உண்டு. குறுகிய ஆழமான குழியில் நீர் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். மேலடுக்கு வெதுவெதுப்பாகவும் கீழடுக்கு குளிர்ந்தும் இருப்பதால் இரண்டும் எளிதில் கலப்பதில்லை, அடியில் உயிர்வளி தீர்ந்துவிடுகிறது. மேல்நீரைப் பரிசோதித்து நன்று என்று சான்று வாங்கிவிட்டு, பம்பின் உறிஞ்சியை அடியில் இறக்கினால் வருவது முட்டை நாற்றமடிக்கும் கறுத்த நீராக இருக்கலாம். மாதிரியைப் பல ஆழங்களில் எடுக்க வேண்டும் என்று மனுவிலேயே எழுதிவிடுவது நல்லது.

இது பொருந்தும் இடம்: பல குழிகள் அருகருகே இருந்து, சுத்திகரிப்பு நிலையமோ குழாய்ப் பாதையோ எட்டும் தூரத்தில் இருந்து, மழைவெள்ளத்தைத் திருப்பிவிட வாய்க்காலும் உள்ள இடம். தனித்துக் கிடக்கும் ஒரே குழிக்கு இது ஏற்றதன்று.

## காட்டுயிர் வாழிடமாக

சென்னைக்காரர் இதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. மேடவாக்கத்தை அடுத்த நன்மங்கலம் காப்புக்காட்டுக்குள் பழைய கல்குழிகள் இருக்கின்றன. அவற்றின் பாறைச் சுவர்களில் கொம்பன் ஆந்தை குடியிருப்பது பறவை பார்ப்பவர்கள் எல்லாரும் அறிந்தது. மனிதன் வெடிவைத்து உண்டாக்கிய விளிம்புகளை அது இயற்கைப் பாறைத்திட்டாகவே எடுத்துக்கொண்டு முட்டையிடுகிறது, சுற்றியுள்ள புதர்க்காட்டில் எலியைப் பிடிக்கிறது. சுவரும் புதரும் ஒன்றுக்கொன்று துணை. ஒன்றைச் சீரமைக்கிறேன் என்று மற்றொன்றை அழித்தால் ஆந்தை போய்விடும்.

ஆனால் சுவரைத் தவிர்த்துவிட்டு நீரை மட்டும் பார்த்தால் குவாரி ஓர் ஏழை வாழிடம். நீர்க்காகமும் முக்குளிப்பானும் மூழ்கி மீன்பிடிக்கும். உள்ளானுக்கும் கொக்குக்கும் நாரைக்கும் தேவைப்படுவது ஒரு சாண் முதல் இரண்டு சாண் ஆழமுள்ள சேற்று ஓரம், அது செங்குத்துக் குழியில் இல்லவே இல்லை. வெளிச்சம் எட்டாத ஆழத்தில் செடி வளராது, செடி இல்லாத இடத்தில் பூச்சியும் தவளையும் குறைவு. இங்கிலாந்தின் நாட்டிங்கம் அருகே சரளைக்கல் அள்ளிய குழிகளை 1966-இல் அட்டன்பரோ காப்பகமாகத் திறந்தார்கள். அது இன்று பறவைகளுக்குப் பெயர்பெற்றது என்றால், ஆழமற்ற ஓரங்களும் தீவுகளும் நாணற்படுகைகளும் அதற்குப் பெரிய காரணம். ஆகவே நம் குழியை வாழிடமாக்குவதில் முக்கியமான வேலை, ஒரு பக்கத்திலாவது கழிவுக்கல்லையும் மண்ணையும் கொண்டு மெல்லிய சரிவு ஒன்றை உண்டாக்குவது. அந்தச் சரிவில் மனிதர் தவறி விழுந்தாலும் ஏறி வர முடியும். பறவைக்கும் பிள்ளைக்கும் ஒரே செலவில் கிடைக்கும் நன்மை இது.

மரம் நடுவதில் அவசரம் காட்ட வேண்டாம். கென்யாவின் மொம்பாசா அருகே சுண்ணாம்புக்கல் வெட்டிய பாழ்நிலத்தில் 1971-இல் ரெனே ஹாலர் இருபத்தாறு வகை மரங்களை நட்டுப் பார்த்தார். மூன்றே வகைகள் பிழைத்தன, அவற்றில் முதன்மையானது நம் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் காண்கிற அதே சவுக்கு. சவுக்கின் ஊசியிலைகள் மட்காமல் குவிந்தபோது மரவட்டைகளைக் கொண்டுவந்து விட்டார்கள், அவை தின்று கழித்ததே மண்ணானது. அங்கே பாறையை மண்ணாக்க மரவட்டைக்கும் சவுக்குக்கும் பல ஆண்டுகள் பிடித்தன. நம் ஊர் விழாக்களில் ஒரே நாளில் ஆயிரம் கன்று நட்டு, அடுத்த மே மாதத்தில் ஆயிரமும் காய்ந்துபோகிற வழக்கத்தைப் பார்க்கையில் அந்தப் பொறுமைதான் நினைவுக்கு வருகிறது. சும்மா விட்டால் இயற்கையே பார்த்துக்கொள்ளும் என்ற எதிர்வாதமும் முழுக்கச் சரியன்று. டெல்லியின் அசோலா பட்டிச் சரணாலயத்தில் பழைய பட்டிச் சுரங்கக் குழிகள் நீல ஏரிகளாக நிறைந்தன, ஆனால் நிலத்தின் பெரும்பகுதியைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. களை எடுப்பது ஒருமுறை செய்து முடிக்கும் வேலை அன்று.

மறைந்திருக்கும் செலவு ஆள். வேலி போட்டால் போதாது, வேலியைக் காக்க ஒருவர் வேண்டும். ஆந்தை கூடு கட்டும் பருவத்தில் கேமராக்காரர்களைத் தடுக்கவும் அவரே வேண்டும். லவுசிட்ஸில் உள்ள வானின்ஹென் பகுதியைச் சீல்மன் அறக்கட்டளை 2000-ஆம் ஆண்டு முதல் வாங்கிக் காத்துவருகிறது, இலையுதிர் காலத்தில் கொக்குக் கூட்டங்கள் அங்கே இரவு தங்குகின்றன. கரை சரியும் ஆபத்துக்காக மனிதர்களுக்கு அடைத்து வைத்த இடங்களே பறவைகளுக்கு அமைதியான இடங்களாயின என்பது அந்த வட்டாரத்திலிருந்து நாம் கற்கத் தக்கது.

இது பொருந்தும் இடம்: காப்புக்காட்டையோ புதர்நிலத்தையோ ஒட்டிய குழி. நான்கு பக்கமும் அடுக்குமாடி எழுந்துவிட்ட குழியில் ஆந்தையை எதிர்பார்த்து மனு எழுதுவதில் பயனில்லை.

## படகுக்குழாமும் பூங்காவும்

மக்களிடம் கேட்டால் அதிகக் கைகள் உயர்வது இதற்குத்தான். அதில் தவறும் இல்லை. நிழலில் உட்கார இடமில்லாத புறநகரில் நீரோரம் ஒரு நடைபாதை பெரிய கொடை. லவுசிட்ஸின் செஃப்டன்பெர்க் ஏரி 1973-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது முதல் ஒரு சுரங்க வட்டாரத்தின் பிழைப்பே மாறியது. ஆனால் இத்தகைய ஏரிகளில் மக்கள் இறங்கும் கரைகளைச் சரிவாக்கிக் கெட்டிப்படுத்துவது தனி வேலை. அதே நாட்டில் நாக்டர்ஷ்டெட் ஊரில் 2009 ஜூலையில் சுரங்க ஏரியின் கரை சரிந்து, வீடுகளோடு மூன்று பேர் மாண்டார்கள். நம் கெட்டிப்பாறை அப்படி வழுக்கிச் சரியாது என்றாலும், சுவர்களின் உச்சியில் தளர்ந்து நிற்கும் கற்களும் மேல்மண்ணும் மழைக்குப் பிறகு விழும்.

இங்கே பலர் செய்யும் ஒப்பீடு முட்டுக்காடு. 1984 முதல் அங்கே படகு விடுகிறார்கள், ஏன் இங்கே விடக்கூடாது என்கிறார்கள். முட்டுக்காடு ஆழம் குறைந்த கழிமுகம். படகு கவிழ்ந்தாலும் பல இடங்களில் எழுந்து நிற்கலாம். இருபது மீட்டர் குழியில் கவிழ்ந்தவரைத் தேடுவது தீயணைப்புத் துறையின் முக்குளிப்போர் வேலை. மீட்பு நீச்சல்காரர்கள், உயிர்காக்கும் சட்டை, சுவர்களில் கம்பிவலை, இரவு விளக்கு, கழிப்பறை எல்லாம் ஆண்டுச் செலவு. நுழைவுக் கட்டணத்தில் அது வராவிட்டால் ஒப்பந்ததாரர் உணவுக்கடைகளைப் பெருக்குவார். அதற்குப் பிறகு நீரின் நிலை தெரிந்ததே.

என் கருத்து: படகை விட்டுவிட்டு நடைபாதையை மட்டும், அதுவும் குழியின் ஒரே பக்கத்தில், கேட்கலாம். சேத்துப்பட்டு ஏரிப் பூங்காவைப் போலப் படகும் வேண்டும் என்றால், அது பல ஹெக்டேர் பரப்பும் சரிவான கரையும் உள்ள குழிக்கே பொருந்தும்.

## மீன் குத்தகை

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கட்லா, ரோகு விட்டால் வளரும். ஆனால் ஆழம் கூடினால் மீன் கூடாது, விளைச்சல் மேலடுக்கில்தான். அடியில் கூரான கற்கள் இருப்பதால் இழுவலை சிக்கிக் கிழியும். குத்தகைதாரர் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை இறக்கினால், அடுத்த பெருமழையில் அது வழிந்து ஏரிகளுக்குப் போகும். துணை வருமானமாகக் கொள்ளலாம், முதன்மை நோக்கமாக வேண்டாம்.

## நிரப்பி நிலமாக்குதல்

பிள்ளைகள் மூழ்கிய ஊரில் இந்தக் கோரிக்கையை யாரும் லேசாக ஒதுக்க முடியாது. ஆனாலும் கணக்கைப் பார்க்க வேண்டும். நம் குழியை நிரப்ப, பத்து கன மீட்டர் ஏற்றும் டிப்பர் லாரியில் 20,000 நடை. நாளுக்கு இருபது நடை என்றாலும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அந்தத் தெருவில் லாரி ஓடும். அவ்வளவு நல்ல மண் எங்கே கிடைக்கும்? வேறோர் ஏரியையோ குன்றையோ தோண்டித்தான் கிடைக்கும். கிடைக்காதபோது முதலில் கட்டிட இடிபாடும், பிறகு இரவில் வீட்டுக்குப்பையும் வந்து சேரும். இடிபாட்டைத் தனியே கையாள 2016 முதல் விதிகள் இருக்கின்றன, கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் அதை அரைத்து மறுபயனுக்குக் கொடுக்கும் ஆலைகளும் உள்ளன. குழியில் கொட்டுவதற்கு அது ஒரு சாக்காகிவிடக்கூடாது.

வெடிவைத்த பாறை முழுக்க விரிசல். குப்பையில் ஊறிய கறுப்பு நீர் அந்த விரிசல் வழியே எந்தத் தெருவின் போர்வெல்லில் எழும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெருங்குடியில் சதுப்பு நிலத்தின் மேல் பல பத்தாண்டுகள் கொட்டிய குப்பையைப் பின்னர் கோடிக்கணக்கில் செலவழித்துத் தோண்டிப் பிரிக்க வேண்டியதாயிற்று. தரைமட்டத்துக்கு மேலே உள்ள மேட்டைத் தோண்டுவதே அவ்வளவு பாடு என்றால், இருபது மீட்டர் குழிக்குள் போனதை வெளியே எடுப்பதை நினைத்துப் பாருங்கள். நிரப்பிய நிலமும் பல ஆண்டுகள் அமுங்கிக்கொண்டே இருக்கும், அதன் மேல் எழும்பும் மனைப்பிரிவை வாங்குபவர் சுவர் விரிசலில் அதை அறிவார்.

ஒரே விதிவிலக்கு: சிறிய, ஆழமற்ற, பள்ளிக்கோ தெருவுக்கோ ஒட்டிய, நீர் வரத்தில்லாத குழி. அதைச் சுத்தமான மண்ணால் மூடுவதே சரி.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | நீர்த்தேக்கம் | வாழிடம் | படகு, பூங்கா | நிரப்பல் |
|---|---|---|---|---|
| தேவையான கரை | பாதுகாப்பு வேலி போதும் | ஒரு பக்கச் சரிவும் மற்றப் பக்கச் சுவரும் | எல்லாப் பக்கமும் சீரமைப்பு | பொருந்தாது |
| நீர் வரத்து | கால்வாய் இன்றியமையாதது | மட்டம் அதிகம் ஏறி இறங்கக்கூடாது | ஓரளவு நிலையான மட்டம் | வரத்தை அடைத்துவிடும் |
| மறைந்த செலவு | பக்கத்துக் கிணறுகள், மறுநிரப்பு | காவல், களை எடுப்பு | காப்பு ஆட்கள், கழிவு | நிலத்தடி நீர் மாசு, அமுங்குதல் |
| திரும்ப முடியுமா | முடியும் | முடியும் | ஓரளவு | முடியாது |
| முதலில் அணுக வேண்டியது | குடிநீர் வாரியம், நீர்வளத் துறை | வனத்துறை | உள்ளாட்சி, சுற்றுலாத் துறை | வருவாய்த் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் |

## இரண்டைச் சேர்ப்பது

நீரும் வாழிடமும் ஒன்றோடொன்று மோதுவது ஒரே இடத்தில்தான்: எவ்வளவு இறைப்பது என்பதில். மேலே உள்ள சில மீட்டரைத் தொடாமல் விட்டால் ஓரச்சேறும் நாணலும் பிழைக்கும். ஆனால் பஞ்சத்தில் நகரம் கேட்பது அதற்குக் கீழே உள்ள நீரை, அதை எடுத்தால் மட்டம் இறங்கியே தீரும். இதற்கு வழி, குழிகள் பல இருக்கும் இடத்தில் அவற்றுக்குள் வேலையைப் பிரிப்பது. ஆழமான, கால்வாய் எட்டும் குழிகளைப் பஞ்ச கால இருப்பாகவும், காட்டை ஒட்டிய குழியை இறைப்பே கூடாத வாழிடமாகவும் ஒதுக்கக் கேட்கலாம். ஒரே குழிதான் என்றால், சாதாரண ஆண்டுகளில் இறைப்பு இல்லை, ஏரிகள் வறண்ட ஆண்டில் மட்டும் இன்ன மட்டம் வரை என்று எழுத்தில் வாங்க வேண்டும். என் தேர்வு இதுவே. படகுக்குழாத்தை நான் மூன்றாம் இடத்தில் வைக்கிறேன், நிரப்பலைக் கடைசியில்.

இயங்கிக்கொண்டிருக்கும் குவாரிகளுக்கு நிலைமை வேறு. சுரங்கம் தோண்டி முடித்த நிலத்தில் மீண்டும் புல் வளரச் செய்வதைக் குத்தகை நிபந்தனையாக்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. குத்தகைதாரர் இயந்திரங்களோடு இன்னும் அங்கே இருக்கும்போதே ஒரு பக்கச் சரிவை வெட்டித்தரச் சொல்வது, அவர் போன பிறகு அரசுப் பணத்தில் அதைச் செய்வதைவிடப் பல மடங்கு மலிவு.

மனுவுக்கு முன் சங்கம் தானே செய்யக்கூடிய வேலைகள் உண்டு. பட்டா, அ-பதிவேட்டு (வருவாய்த் துறையின் நில விவரப் பதிவேடு) நகலை எடுத்து நிலத்தின் வகையை உறுதி செய்யுங்கள். பாறைச் சுவரில் மட்டக்கோடு ஒன்று வரைந்து, மே மாத இறுதியிலும் வடகிழக்குப் பருவமழை முடியும் டிசம்பர் இறுதியிலும் நீர் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே நாட்களில் சுற்றுத் தெருக்களின் கிணற்று மட்டத்தையும் அளந்து எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக ஏறி இறங்கினால் குழியும் கிணறும் ஒரே ஊற்றைப் பகிர்கின்றன என்று கொள்ளலாம். அப்படியானால் குடிநீர் இறைப்பைக் கேட்கும் மனுவில் கையெழுத்திடுவதற்கு முன் கிணற்றுக்காரர்களைக் கூட்டிப் பேசிவிடுங்கள்.